டாஸ்மாக் பாருக்கு முதலாளி யாருங்க?

"பார் எடுத்திருக்கானா? அவனுக்கென்னப்பா, பணத்துல புரள்றான்!" நம்ம சின்ன ஊர்கள்ல இது வேதவாக்கு. பி.காம் படிக்கிற பாவத்துக்கு அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் பாருங்க மக்களே.

2003ல சில்லறை மது விற்பனையை அரசே எடுத்துக்கிச்சு. சரக்கு விக்கிறது டாஸ்மாக் கடை. ஒட்டியிருக்கிற பார் மட்டும் டெண்டர்ல தனியாருக்கு. அவர் என்ன விக்கலாம்? சுண்டல், ஆம்லெட், தண்ணி பாட்டில். அப்புறம் காலி பாட்டிலை எடுத்துக்கலாம். அவ்வளவுதான் சாமி! சென்னையில எஃப்.எல்.3 லைசென்ஸ் வெச்சிருக்கிற ஓட்டல் பார், சொந்தமா சரக்கு விக்குது. நம்மூர் பார்காரருக்கு அது கிடையாது.

ஆனா டெண்டர்ல குறைந்தபட்சத் தொகையைக் கடையோட மது விற்பனையை வெச்சுத்தான் போடறாங்க. ஒருத்தர் குவாட்டர் வாங்கி வேட்டியில சொருகிட்டு தோப்புக்குப் போனாலும் அது கடைக்கு விற்பனை. பாருக்கு ஒரு சுண்டல் கூட விக்காது. அடுத்தவன் வரவு, இவருக்குச் செலவு! எந்த அக்கவுண்ட்ஸ் புத்தகத்துல சார் இருக்கு இது?

இன்னும் கேளுங்க. நெடுஞ்சாலைக் கடைகளை மூடச் சொன்ன சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு 2017 ஏப்ரல்ல அமலுக்கு வந்துச்சு. 2019 ஜனவரியில பிளாஸ்டிக் கப்புக்குத் தடை. 2022ல நீலகிரியில ஆரம்பிச்சு, காலி பாட்டிலைத் திருப்பிக் குடுத்தா 10 ரூபாய்ங்கிற திட்டம். 2023ல 500 கடைகள் மூடல். இதுல பாதிக்கு மேல நல்ல முடிவுங்க, மறுக்கலை. ஆனா கடை போனா பாரும் போச்சு. பாட்டில் போனா வருமானமும் போச்சு. போட்ட ஷெட்டுக்கும் வாங்கின வட்டிக்கும் யார் பொறுப்பு?

இப்ப முக்கியமான விஷயம். ராத்திரி 10 மணிக்குக் கடை மூடின பிறகும், விடியக்காலையிலும் பிளாக்குல சரக்கு கிடைக்குதுன்னு திட்டுறோம். திட்டணும், குடும்பங்கள் அழியுது. ஆனா சுண்டல் வித்து மட்டும் பிழைக்கிறவரால எவ்வளவுக்கு டெண்டர் கேக்க முடியும்? பிளாக்குல விக்கப் போறவர்தான் அதிகமா கேப்பார். அதிகமா கேட்டவருக்குத்தான் பார். அப்போ நேர்மையானவரை வெளிய தள்ளுறது யாரு? டெண்டர்தானே?

ஒண்ணு, சரக்கு விக்கிற உரிமையையும் பொறுப்பையும் சேர்த்தே குடுங்க, நேரம் மீறினா லைசென்ஸைப் புடுங்குங்க. இல்லையா, பாரையே மூடுங்க. லாபம் உனக்கு, பழி அவனுக்குன்னா அதுக்குப் பேரு வியாபாரம் இல்லை!