காட்டுக்கு ஆபரேஷன் வேண்டாம்

1/ போலந்து, பெலாரஸ் ரெண்டு நாட்டுலயும் விரிஞ்சு கிடக்கிற பழங்காடு பியாவோவியேஜா. யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம். உள்ளே போனா பலருக்கும் தோணுற கேள்வி: "இத்தனை மரம் விழுந்து அழுகிக் கிடக்கே, சுத்தம் பண்ணக் கூடாதா?"

2/ கூடாதுங்க. பட்டுப்போன அந்த மரங்களை நம்பித்தான் பூஞ்சை, வண்டு, மரங்கொத்தி எல்லாம் வாழுது. புதுக் கன்றுகள் பல முளைக்கிறதும் அது மேலதான்.

3/ ஸ்ப்ரூஸ் மரங்களைப் பட்டை வண்டு அரிக்குதுன்னு காரணம் சொல்லி, 2016ல் போலந்து அரசு மரம் வெட்டும் அளவைக் கூட்டியது. அது ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்துக்கு விரோதம் என்று 2018ல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

4/ மருத்துவரா என் கருத்து: ஸ்கேன்ல தெரியுற எல்லாத்தையும் நாங்க வெட்டி எடுக்கிறதில்லை. கை வைக்காம கவனிச்சுக்கிட்டே இருக்கிறதும் வைத்தியம்தான். காட்டுக்கும் அதே நியாயம்தான்.

5/ தயாராக வேண்டியது காடு இல்லை, நாம. அங்கே உண்ணிக்கடி மூலம் மூளைக்காய்ச்சல் பரவும், தடுப்பூசி இருக்கு. ஒரு டோஸ் போதாது, அதனால ரெண்டு மூணு மாசம் முன்னாடியே டாக்டரைப் பாருங்க. முழுக்கைச் சட்டை போடுங்க. திரும்பி வந்ததும் உடம்பு முழுக்க உண்ணி இருக்கான்னு தேடுங்க. விழுந்த மரத்தை விழுந்தபடியே விட்டுட்டு வாங்க.