அந்த முதல் 48 மணி நேரம்

தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளையும் பெறும் பேச்சிப்பாறையில் மழையோடு காய்ச்சலும் வருவது புதிதன்று. இன்ஃப்ளூயன்சா பெரும்பாலானோருக்குச் சில நாள்களில் தானாகவே தணிந்துவிடும். ஆனால் முதியோர், கர்ப்பிணிகள், பச்சிளம் குழந்தைகள், சர்க்கரை நோய், இருதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் ஆகியோருக்கு அது நிமோனியாவாக முற்றி உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

தடுப்பூசி பயனுள்ளதுதான். எனினும், தீநுண்மி உருமாறிக்கொண்டே இருப்பதால் அதை ஆண்டுதோறும் போட்டுக்கொள்ள வேண்டும். தேசிய தடுப்பூசி அட்டவணையிலும் அது இடம்பெறவில்லை. கூலித் தொழிலாளர் குடும்பங்களுக்கு அது எட்டாக்கனியே. எனவே, தடுப்பூசிக்கு அப்பால் என்ன செய்கிறோம் என்பதே இங்கு முதன்மையான கேள்வி.

சிகிச்சைக்கு மருந்து இருக்கிறது. 2009-இல் பன்றிக்காய்ச்சல் பரவியபோது பரவலாக அறியப்பட்ட ஓசல்டாமிவிர், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால் மிகுந்த பலன் தரும். லேசான காய்ச்சல் உள்ள எல்லோருக்கும் அது தேவையில்லை. ஆபத்து மிகுந்தோருக்குப் பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் கொடுக்கலாம் என்பதே மத்திய சுகாதார அமைச்சகத்தின் வழிகாட்டுதல். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, மயக்கநிலை ஆகியவை தென்பட்டால் உடனடியாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டும்.

அந்த 48 மணி நேரம் பேச்சிப்பாறையில் எப்படிக் கழிகிறது? அணையின் நீர்த்தேக்கத்துக்கு அப்பாலுள்ள காணி பழங்குடியினரின் குடியிருப்புகள் சிலவற்றிலிருந்து படகேறித்தான் இக்கரைக்கு வர வேண்டும். ரப்பர் பால் வெட்டும் தொழிலாளிக்கோ மழை நாளில் வேலை இல்லை. வானம் வெளுத்த நாளில் காய்ச்சலுக்காகக் கூலியை இழக்க மனம் வராது. தோட்டத் தொழிலாளர் சட்டம், 1951 நோய்க்கால உதவித்தொகைக்கு வழிவகுத்தது. ஆனால், சிறு தோட்டங்களில் கூலிக்குப் பால் வெட்டுவோர் அதன் வரம்புக்குள் வரவில்லை. 'காய்ச்சல் என்றால் வீட்டில் தனித்திருங்கள்' என்னும் அறிவுரை அவர்களுக்குப் பட்டினியோடு இருங்கள் என்றே கேட்கும்.

விளைவு, கடையில் வாங்கும் இரண்டு ஆன்டிபயாடிக் மாத்திரைகளோடு பணிக்குச் செல்வது. தீநுண்மியை ஆன்டிபயாடிக் அழிக்காது. எச்3என்2 பரவிய 2023 மார்ச் மாதத்தில் இந்திய மருத்துவ சங்கமும் இதை வலியுறுத்தியது. பால் சேகரிக்கும் சிரட்டைகளில் தேங்கும் மழைநீரில் டெங்கு கொசு பெருகும் மண் இது. எலிக்காய்ச்சலுக்கும் இங்கு இடமுண்டு. எல்லாக் காய்ச்சலும் ஃபுளூ என்று எண்ணிச் சுயமருத்துவம் செய்வது இருமடங்கு ஆபத்து.

தீர்வு தொலைவில் இல்லை. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் பணியாளர்கள் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு வீடுவீடாகச் செல்கின்றனர். ஃபுளூ யாரைக் கடுமையாகத் தாக்குமோ, அவர்களில் பலரின் பட்டியல் ஏற்கெனவே அவர்கள் கையில் இருக்கிறது. மழைக்காலத்தில் அந்த வீடுகளில் காய்ச்சல் குறித்தும் விசாரித்து, தொலைபேசி வழியே மருத்துவரின் ஆலோசனை பெற்று, அன்றே மருந்து கிடைக்கச் செய்யலாம். அக்கரைக் குடியிருப்புகளுக்கு வாரந்தோறும் காய்ச்சல் முகாம் நடத்தலாம். சிறு தோட்டத் தொழிலாளர்களுக்கு நல வாரியத்தின் மூலம் சில நாள் நோய்க்கால ஊதியம் வழங்கலாம்.

இருமும்போது வாயை மூடுவதும், கை கழுவுவதும், வகுப்பறைச் சன்னல்களைத் திறந்து வைப்பதும் மக்களின் கடமை. காய்ச்சல் கண்ட தொழிலாளி இரண்டு நாள் அச்சமின்றிப் படுத்திருக்க வழிசெய்வது அரசின் கடமை.