யார் கொடுத்த வாக்கு?

கணினி வியாபாரம் செய்யும் நண்பர்கள் கூடினால் அப்பிள், ஐ.பீ.எம். கதை இன்றும் எழும். 'சொன்ன சிப்பை ஐ.பீ.எம். கொடுக்கவில்லை. அதனால்தான் 2005இல் அப்பிள் இன்டெலிடம் போனது' என்பதே பலருடைய கட்சி. எனக்கு அதில் பாதிதான் உடன்பாடு.

2003 ஜூனில் 2 கிகாஹேர்ட்ஸ் வேகமுள்ள ஜி5 கணினியை அறிமுகப்படுத்திய ஸ்டீவ் ஜொப்ஸ், பன்னிரண்டு மாதங்களுக்குள் 3 கிகாஹேர்ட்ஸ் வந்துவிடும் என்று மேடையிலேயே சொல்லிவிட்டார். ஒரு வருடம் கழித்து வந்தது 2.5. அந்தச் சூட்டைத் தணிக்கக் கணினிக்குள் திரவத்தை ஓடவிட வேண்டியிருந்தது. 2005 ஏப்ரலில் 2.7. ஜி5 பொருத்திய மடிக்கணினி வரவேயில்லை.

சூடு ஐ.பீ.எம். சிப்பின் குறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த நாட்களில் வேகத்தைக் கூட்ட முடியாமல் எல்லோருமே திணறினார்கள். இன்டெலே 4 கிகாஹேர்ட்ஸ் பென்டியத்தை 2004 ஒக்டோபரில் கைவிட்டது. அதன் தலைவர் கிரெய்க் பரெட் மேடையில் முழந்தாளிட்டு மன்னிப்புக் கேட்டார். அந்த வீட்டுக்குத்தான் அப்பிள் குடிபோனது!

1999இல் நடந்தது வேறு. அப்போது சிப் கொடுத்தது மோட்டோரோலா. 500 மெகாஹேர்ட்ஸ் ஜி4 போதியளவு வராததால், ஒவ்வொரு மொடலின் வேகத்தையும் 50 குறைத்து, விலையைக் குறைக்காமல் விற்றது அப்பிள். அங்கே தவறியவர் விநியோகஸ்தர், நட்டம் வாங்கியவருக்கு.

3 கிகாஹேர்ட்ஸ் விடயத்தில், வாடிக்கையாளருக்கு வாக்குக் கொடுத்தது ஐ.பீ.எம். அல்ல. மொத்த வியாபாரி ஒருவரின் பேச்சை நம்பி, பெருநாளைக்கு முன் சரக்குத் தருவதாக நானும் ஒருமுறை சில்லறைக் கடைக்காரர்களிடம் முற்பணம் வாங்கினேன். பெருநாள் முடிந்துதான் கொள்கலன் வந்தது. எல்லோரும் என் கடை வாசலுக்குத்தான் வந்தார்கள். அவரை யார் தேடிப் போனார்?

ஜொப்ஸும் 2005 ஜூனில், சொன்னதைத் தர முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார். அதே மேடையில் இன்னொன்றையும் வெளியிட்டார்: கடந்த ஐந்து வருடங்களாக அப்பிளின் மென்பொருளை இன்டெல் சிப்பிலும் ஓடும்படி இரகசியமாகத் தயாரித்து வந்தார்களாம். அதாவது, 3 வரும் என்று சொன்ன அன்றைக்கே மாற்றுவழி கையில் இருந்திருக்கிறது. அதை வாடிக்கையாளரிடம் மட்டும் சொல்லவில்லை.