பாய்ச்சலுக்குப் பரிசு வேண்டுமா?

சென்ற வாரம் ஒரு மாலை, மழை விட்ட வேளையில், கண்டி வாவிக்கரையில் உலவிக்கொண்டிருந்தேன். இளைஞர் இருவர் ஒரு படிக்கட்டில் ஓடியேறி, பக்கத்துத் தாழ்சுவரைத் தாண்டி, பூனைபோல் ஓசையின்றி நிலத்தில் இறங்கினர். “எந்தப் போட்டிக்குத் தம்பி இந்தப் பயிற்சி?” என்று வினவினேன். “போட்டிக்கில்லை ஐயா, நேற்றுத் தாண்டப் பயந்த இடத்தை இன்று தாண்டிப் பார்க்கிறோம்” என்றான் ஒருவன். அவ்விடை என் நெஞ்சைவிட்டு அகலவில்லை.

இக்கலையைப் பார்க்கூர் என்பர். வழி என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. பாரிஸ் நகரையடுத்த லிஸ் என்னும் ஊரில் டேவிட் பெல் என்பவரும் தோழர்களும் 1980களின் பிற்பகுதியில் இதனைப் பயின்று வளர்த்தனர். இதன் வேரோ, ஜோர்ஜ் ஹெபேர் என்னும் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி வகுத்த உடற்பயிற்சி முறையில் உள்ளது. பிறர்க்கு உதவுதற்கே உடல்வலிமை என்பது அவர் கொள்கை. ஆபத்தில் ஓடிச்சென்று காக்கும் திறனுக்குப் புள்ளியிடுவார் யார்?

ஆயினும் புள்ளி வந்துவிட்டது. 2017இல் சர்வதேச ஜிம்னாஸ்டிக் சம்மேளனம் இதனைத் தன் குடைக்கீழ்க் கொணர முனைந்தது. பிரித்தானியா முதலிய நாடுகளின் பார்க்கூர் அமைப்புகள் எதிர்த்தன. எனினும் 2018இல் சம்மேளனம் இதனைத் தன் பிரிவுகளுள் ஒன்றாக ஏற்றது. 2022இல் டோக்கியோவில் முதல் உலகப் போட்டியும் நடந்தது.

போட்டியை நான் அடியோடு வெறுப்பவனல்லன். போட்டி வருமாயின் மைதானம் வரும், மெத்தை வரும், பயிற்றுநர் வருவார், பெற்றோர் அச்சமும் குறையும். ஆனால் கரவொலியில் மயங்கும் இளைஞன் தன் எல்லையை மறப்பான். பள்ளி விளையாட்டு விழாவில் ஐவர் ஓட, ஐந்நூறுபேர் அமர்ந்து பார்ப்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

ஒழுங்கமைப்பு வேறு, போட்டி வேறு. சம்மேளனத்தை எதிர்த்த பிரித்தானியப் பயிற்சியாளரே அதே 2017இல் தம் கலைக்கு அந்நாட்டு விளையாட்டு மன்றங்களின் அங்கீகாரத்தை வேண்டிப் பெற்றனர். இங்கு நமக்கொரு பாடமுண்டு.

நமது நகரம் 1988இல் உலக மரபுரிமைப் பட்டியலில் இடம்பெற்றது. கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் காலத்தில் எழுந்த வாவிக்கரை முகில் மதில், பாய்ந்து பழகுதற்கு உரியதன்று. ஆனால், “இங்கே பாயாதே” என்று விரட்டும் நாம், “அங்கே பாய்” என்று ஓரிடமும் காட்டுவதில்லை. பள்ளி மைதானத்தின் ஒரு மூலை, சில மரச்சட்டங்கள், முழங்காலளவுச் சுவர்கள், பயிற்சி பெற்ற ஓர் ஆசிரியர்: தொடக்கத்துக்கு இவை போதும். போட்டியை விரும்புவோர் பின்னர் அதனை நடத்தட்டும். கோப்பையை முதலில் வாங்கிவைத்துவிட்டு ஆசிரியரைத் தேடுவது முறையன்று.

அவ்விளைஞன் வெல்ல விரும்பியது நேற்றைய தன்னையே. அவ்வெற்றிக்கு நடுவர் வேண்டா; அடிபடாமல் இறங்கக் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் வேண்டும்.