ஆம்பூர் கலவர வழக்கு: 161 பேர் விடுதலை... ஆனா, போன 10 வருஷம்?

என்ன நடந்தது?
2015 ஜூன் 27. போலீஸ் விசாரணைக்குப் போய்வந்த இளைஞர் இறந்ததால் ஆம்பூரில் தொடங்கிய போராட்டம் கலவரமானது. நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள்.

தீர்ப்பு என்ன?
2025 ஆகஸ்டில் திருப்பத்தூர் நீதிமன்றம் 22 பேரைக் குற்றவாளிகள் என்றது. 161 பேரை விடுவித்தது.

ஏன் முக்கியம்?
தோல், ஷூ கம்பெனிகளை நம்பியிருக்கும் ஊர் இது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒருநாள் கூலி போச்சு. வழக்கு நிலுவையில் இருந்தா பாஸ்போர்ட், அரசு வேலைக்கும் சிக்கல்.

தடுப்பது எப்படி?
வடசென்னை வியாசர்பாடியில் உள்ளூர்க்காரர்களே கால்பந்துப் பயிற்சியோடு மாலை வகுப்பும் நடத்தி, பசங்களை அடிதடி பக்கம் போகவிடாம பார்த்துக்கிறாங்க. ஆம்பூருக்கும் இது பொருந்தும். ஆனா மைதானம் மட்டும் போதாது. ஜமாத்தும் ஊர்ப்பெரியவர்களும் பசங்க கோபத்தை மனுவா மாத்தணும். அந்த மனுவை அதிகாரிகள் உடனே விசாரிக்கணும். இதுல ஒண்ணு தவறினாலும் கல்தான் பேசும்.