சேர்வராயன் மலை மரத்தை யார் காப்பது?

ஏற்காட்டில் பட்டா நிலத்து மரமே ஆனாலும் அதை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். அதே மலையில் ஒரு மர இனம் அடியோடு இல்லாமல் போவதற்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. நடந்து முடிந்த பிறகுதான் அது வெளியே தெரியவரும். வெர்னோனியா ஷெவராயென்சிஸ் என்ற மரத்துக்கு அந்த கதி நேர்ந்துவிடக் கூடாது என்பதே இக்கட்டுரையின் கவலை. சென்னை மாகாணத்தின் தாவரங்களைத் தொகுத்த ஜே.எஸ்.கேம்பிள் சேர்வராயன் மலையின் பெயராலேயே இதை அறிவியலுக்கு அறிமுகம் செய்தார். வகைப்பாட்டியலாளர்கள் பின்னாளில் இதை மோனோசிஸ் என்ற பேரினத்துக்கு மாற்றினார்கள். கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு வெளியே உலகில் வேறெங்கும் இது இல்லை. அழிவின் விளிம்பில் உள்ள அரிய மரங்களில் ஒன்றாகத் தாவரவியலாளர்கள் இதைக் கருதுகிறார்கள்.

இது சூரியகாந்தி, சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை செடிகள். வயல் வரப்பில் நாம் மிதித்துக்கொண்டு போகும் பூவாங்குருந்தல், நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் காட்டுச்சீரகம் எல்லாம் இதற்கு நெருங்கிய உறவு. அந்த உறவுகளுக்கு நடுவே இது தண்டு தடித்து மரமாக நிற்கிறது. சூரியகாந்திபோல ஓரத்தில் மஞ்சள் இதழ் விரிக்காது. சின்னஞ்சிறு குழல் பூக்கள் சேர்ந்து ஒரு தலையாகி, அந்தத் தலைகள் கொத்துக் கொத்தாகக் கிளை நுனியில் பூக்கும். காய்ந்த விதையின் உச்சியில் பஞ்சுபோன்ற மயிர் இருக்கும், காற்றடித்தால் பறக்கும்.

இந்த மரத்தை விறகுக்கோ பலகைக்கோ யாரும் தேடி வருவதில்லை. தின்னும்படியான பழமும் இதில் இல்லை. விலை இல்லாத மரத்துக்குத் திருடன் இல்லை என்பது உண்மைதான். ஆனால், காவல்காரனும் இல்லை.

கடல் இல்லாத தீவு

சேலம் நகரம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து ஏறினால் ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில். மேற்குத் தொடர்ச்சி மலை நீண்ட சுவர்போலத் தொடர்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை தமிழ்நாட்டுக்குள் அப்படி இல்லை. ஜவ்வாது, சித்தேரி, கல்வராயன், சேர்வராயன், கொல்லி, பச்சைமலை என்று துண்டு துண்டாகக் கிடக்கிறது. இடையில் வெயில் காயும் சமவெளி. மேலே குளிரும் மேகமும், கீழே வறண்ட காடும் வயலும். இத்தகைய மலைத் தலைகளை உயிரியலாளர்கள் வானத்தீவுகள் என்கிறார்கள். மலையின் குளிருக்குப் பழகிய மரத்தின் விதை, காற்றில் பறந்து கீழே சமவெளியிலுள்ள அயோத்தியாப்பட்டணத்தில் விழுந்தால் அங்கே அதற்கு வாழ்வில்லை. கொல்லிமலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் இருக்கலாம். விதைக்கு அது எட்டாத தூரம்.

சாமந்திக் குடும்பம் மரமாக வளர்ந்து நிற்பதற்குப் பேர்போன இடங்களும் தீவுகள்தான். காலபாகோஸில் ஸ்கலேசியா மரங்கள், அட்லாண்டிக் நடுவே உள்ள செயின்ட் ஹெலினாவில் ‘கம்வுட்’ மரங்கள் எல்லாம் இந்தக் குடும்பமே. தாவரப் பூங்காக்களின் பன்னாட்டு அமைப்பு 2021-இல் வெளியிட்ட உலக மரங்களின் நிலை அறிக்கை, ஏறத்தாழ 17,500 மர இனங்கள், அதாவது சுமார் 30 விழுக்காடு, அழியும் ஆபத்தில் இருப்பதாகக் கணக்கிட்டது. செயின்ட் ஹெலினாவில் அந்த அளவு 69 விழுக்காடு; மடகாஸ்கரில் 59; மொரீஷியஸில் 57. தீவில் பிறந்த மரத்துக்குத் தப்பிப் போக இடமில்லை. ஒரு தோட்டம், ஒரு சாலை, வெளியிலிருந்து வந்த ஒரு செடி போதும், கதை முடிய.

செயின்ட் ஹெலினா ஆலிவ் மரம் இதற்குப் பாடம். காட்டில் இருந்த கடைசி மரம் 1994-இல் பட்டுப்போனது. நாற்றங்காலில் வளர்த்துவந்த கடைசிக் கன்றும் 2003-இல் போனது. அதே தீவில் ‘பாஸ்டர்ட் கம்வுட்’ என்ற மரம் அழிந்துவிட்டதாகவே நினைத்திருந்தார்கள். 1982-இல் ஒன்று கிடைத்தது. நான்கே ஆண்டுகளில் அதுவும் மடிந்தது. 2009-இல் இன்னொரு ஒற்றை மரத்தைக் கண்டார்கள். சாமந்திக் குடும்பத்தின் பல இனங்கள் தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. துணை மரம் இல்லாவிட்டால் விதை பொக்குதான். ஆகவே ஏணி வைத்து ஏறி, பூப்பூவாகக் கையால் மகரந்தம் தடவி, தேறிய சொற்ப விதைகளிலிருந்து கன்றுகளை எழுப்பினார்கள். ஒற்றை மரமாகும்வரை காத்திருந்தால் வேலை எத்தனை மடங்கு கடினமாகிறது என்பதை இது சொல்கிறது.

பக்கத்திலேயே இலங்கையின் கதை இருக்கிறது. குருடியா செய்லானிகா என்ற மரம் அழிந்துவிட்டது என்று அந்நாட்டின் 2012 செம்பட்டியல் அறிவித்தது. 2019-இல் கம்பஹா மாவட்டத்தில் ஒரு மரம் உயிரோடு கண்டுபிடிக்கப்பட்டது. 2021-இல் அதிவேக நெடுஞ்சாலைக்காக அதை வெட்ட முனைந்தபோது நாடே விவாதித்தது. விவகாரம் நீதிமன்றம் வரை போனது. ஒரு மரத்துக்குப் பெயரும் முகவரியும் தெரிந்தபோதுதான் அதற்காக வாதாட ஆள் வந்தார்கள். சேர்வராயன் மரத்துக்குப் பெயர் இருக்கிறது. முகவரிதான் பொதுமக்கள் கையில் இல்லை.

களைக்கொத்தில் போகும் கன்று

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி.காக்பர்ன் காபியை இம்மலைக்குக் கொண்டுவந்தார். இரு நூற்றாண்டில் காபித் தோட்டங்கள் மலையின் முகத்தையே மாற்றிவிட்டன. ஆனாலும் காபியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை. காபிக்கு நிழல் வேண்டும். அந்த நிழலுக்காகப் பழைய காட்டின் பலா, அத்தி, நாவல், மதகிரி வேம்பு மரங்களைத் தோட்டக்காரர்கள் விட்டுவைத்தார்கள். தேயிலைபோல மொட்டையடித்து நடும் பயிராக இருந்திருந்தால், நாகலூர்ப் பக்கம் இன்றைக்குக் காணும் மரக்கூட்டம்கூட மிஞ்சியிருக்காது.

சிக்கல் இரண்டு இடங்களில் இருக்கிறது. முதலாவது, நிழல் மரம் ஒன்று விழுந்தால் அந்த இடத்தில் என்ன நடுகிறார்கள் என்பது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் கிடுகிடுவென வளரும், நேராக நிற்கும், மிளகுக் கொடி ஏற்றத் தோதானது, ஆளானதும் விற்றுக் காசு பார்க்கலாம். காபி விலை சரியும் ஆண்டில் தோட்டத்தைக் காப்பாற்றுவது மிளகும் சில்வர் ஓக்கும்தான். அதை நடுகிறவரைக் குறைசொல்லிப் பயனில்லை. ஆனால், விழும் ஒவ்வொரு காட்டு மரத்துக்கும் மாற்றாக ஒரே இனம் ஏறிக்கொண்டே போனால், இரண்டு தலைமுறையில் மலை பச்சையாகவே இருக்கும். காடு மட்டும் இருக்காது.

இரண்டாவது சிக்கல் கண்ணில் படாதது. காபி வரிசைக்கு நடுவே தானாக முளைத்த கன்றை நினைத்துப்பாருங்கள். விரல் நீளத் தண்டு, நான்கைந்து இலை. பக்கத்தில் உண்ணிச்செடி, அருகில் பார்த்தீனியம். தினக்கூலிக்குக் களை எடுக்கும் பெண்ணுக்கு அன்றைக்குள் தன் வரிசையை முடித்தாக வேண்டும். களைக்கொத்து எதையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இப்போது வந்திருக்கும் புல்வெட்டும் இயந்திரமும் களைக்கொல்லியும் அதைவிட வேகம். தாய்மரம் அப்படியே நிற்கும். பூக்கும், விதை பறக்கும், முளைக்கவும் செய்யும். இளமரம் மட்டும் ஒன்றுகூட எழாது. வெட்டுப்பட்ட மரத்தை எண்ணலாம். வளரவிடாத கன்றை எந்த இலாகாவின் பதிவேட்டில் எழுதுவது?

இவற்றோடு சுரங்கமும் சேர்ந்தது. சேர்வராயன் மலையில் பாக்சைட் உச்சிப் பரப்பில் தொப்பிபோலப் படிந்திருக்கிறது. மேட்டூர் அலுமினிய ஆலைக்காக அது பல ஆண்டுகள் தோண்டப்பட்டது. குளிர்ப் பகுதி மரங்கள் ஒதுங்கி நிற்பதும் அதே உச்சிகளில்தான். வெப்பம் கூடும்போது சமவெளி இனங்கள் மேலே ஏறிவரும். மேலே இருப்பவை இன்னும் மேலே போக வேண்டும். மலையின் உச்சியான சோலைக்கரடு சுமார் 1,620 மீட்டரில் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் வானம்தான்.

சட்டத்தின் கண் படாத இடம்

வனவிலங்குச் சரணாலயம், காப்புக்காடு என்று கோடு கிழித்துக் காப்பதே நமக்குப் பழகிய முறை. ஆனால் சேர்வராயன் மலையின் பழைய மரங்களில் பல பட்டா நிலத்திலும் கோயில் காடுகளிலும் ஓடையோரத்திலும் நிற்கின்றன. 1955-இன் தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. அழியும் இனத்தைத் திரும்ப வளர்க்க வேண்டும் என்ற கட்டாயம் அதனால் வருவதில்லை. ஈட்டி மரத்துக்கு 1994-இல் தனிச் சட்டம் போட்டு, பட்டா நிலத்திலும் அதை வெட்டத் தடை விதித்தார்கள். ஈட்டிக்குச் சந்தை மதிப்பு இருந்தது, ஆகவே சட்டம் வந்தது. மதிப்பில்லாத மரத்துக்கு யார் மசோதா கொண்டுவருவார்கள்?

தடைச் சட்டம் மட்டுமே போதும் என்று நினைப்பதும் ஆபத்து. சந்தனத்துக்கும் ஈட்டிக்கும் இருந்த கெடுபிடியைப் பார்த்து, ‘நம்ம நிலத்துல இது முளைக்காம இருந்தாலே நல்லது’ என்று நினைத்த விவசாயிகள் உண்டு. நாளை ஒரு தோட்டத்தில் அரிய மரம் இருப்பதாகத் தெரிந்து, உடனே நோட்டீஸ் பறந்தால், அடுத்த தோட்டக்காரர் தன் மரத்தைச் சத்தமில்லாமல் அப்புறப்படுத்திவிடுவார். மரத்தை வைத்திருப்பவருக்கு அது பெருமையாகவும் ஆதாயமாகவும் இருக்க வேண்டும். தலைவலியாக ஆகிவிடக் கூடாது.

அதற்கான கருவிகள் கைவசம் உள்ளன. 2002-இன் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டம் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்கவும், மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதவும் வழிசெய்கிறது. அதே சட்டத்தின்படி 2022-இல் மதுரை மாவட்டம் அரிட்டாபட்டியும், 2025-இல் திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டி வீரகோவில் காடும் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலங்களாக அறிவிக்கப்பட்டன. காசம்பட்டிக் காட்டின் பரப்பு 5 ஹெக்டேருக்கும் குறைவு. அவ்வளவு சிறிய கோயில் காட்டுக்கே அந்தத் தகுதி கிடைக்குமானால், மலையாளிப் பழங்குடிகள் தலைமுறை தலைமுறையாகக் கத்தி வைக்காமல் காத்துவரும் சேர்வராயன் மலைக் கோயில் காடுகளுக்கு ஏன் கிடைக்கக் கூடாது?

செய்ய வேண்டியவை

முதல் வேலை கணக்கெடுப்பு. இந்தியத் தாவரவியல் ஆய்வு மையம் 1963-இலிருந்து ஏற்காட்டில் ஆர்க்கிட் தோட்டமும் சோதனைத் தோட்டமும் நடத்திவருகிறது. இந்த மரத்தை அடையாளம் காணத் தெரிந்தவர்கள் மலையிலேயே இருக்கிறார்கள். வனத் துறையும் காபி வாரியமும் கைகோத்து, தோட்டம் தோட்டமாக, காடு காடாகத் தாய்மரங்களைத் தேடிப் பதிய வேண்டும். எந்த ஓடை அருகே எந்த மரம் எப்போது பூக்கும் என்று தோட்டத் தொழிலாளர்களுக்கும் மலையாளி மக்களுக்கும் தெரிந்த அளவு கோப்புகளுக்குத் தெரியாது. அவர்களைக் கூலிக்கு அழைக்கும் வழிகாட்டிகளாக மட்டும் நடத்தாமல், பதிவேட்டின் ஆசிரியர்களாக்க வேண்டும்.

இரண்டாவது, நாற்றங்கால். ஒரே மரத்தின் விதையில் ஆயிரம் கன்று எழுப்புவதைவிட, வெவ்வேறு இடத்துத் தாய்மரங்களிலிருந்து நூறு கன்று எழுப்புவது மேல். வகை கலந்தால்தான் நாளைக்கு விதை பிடிக்கும். மாநிலத்தின் பசுமைப் பரப்பை 33 விழுக்காடாக்க 2022-இல் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம் எண்ணிக்கையில் கண்ணாக இருக்கிறது. ஏற்காடு வட்டத்துக்கான பங்கில் ஒரு பகுதியை அந்த மலைக்கே உரிய இனங்களுக்கு ஒதுக்கினால் கூடுதல் செலவு பெரிதாக இராது.

மூன்றாவது, தோட்டக்காரருக்கான கைம்மாறு. காட்டு மரம் ஒன்று விழுந்த இடத்தில் காட்டு மரத்தையே நடுபவருக்குக் கன்று இலவசமாகக் கிடைக்க வேண்டும்; வளரும்வரை பராமரிப்புத் தொகை தரலாம். அரிய மரங்களின் நிழலில் விளைந்த காபி என்று சான்று கொடுத்தால் அந்தப் பெயருக்கே சந்தையில் விலை உண்டு. களை எடுப்பவர்களுக்குக் கன்றின் படத்தைக் காட்டி, கண்டால் ஒரு குச்சி நட்டு விட்டுவிடச் சொல்வதற்கு ஒரு காலை நேரம் போதும். ஒருவேளை எல்லாவற்றிலும் பலன் தரக்கூடியது இதுவாகவே இருக்கலாம்.

மே மாதக் கோடை விழாவுக்கு வரும் கூட்டம் மலர்க் கண்காட்சியில் வெளிநாட்டுப் பூக்களைப் படம்பிடித்துக்கொண்டு இறங்கிவிடுகிறது. அந்த அரங்கில் இம்மலையின் மரத்துக்கு ஒரு மூலை தர மாவட்ட நிர்வாகம் முன்வர வேண்டும். புலிக்கும் யானைக்கும் திட்டம் வகுத்த நாட்டில், ஒரு மலையை விட்டு நகர முடியாத மரத்துக்கு ஒரு நாற்றங்காலும் ஒரு பதிவேடும் கேட்பது பெரிய கோரிக்கை அல்ல. விதை தரும் தாய்மரங்கள் உயிரோடு இருக்கும்போதே இதைச் செய்தாக வேண்டும்.