ஓசோன் கணக்கு தப்பா?

தென் துருவத்தில் குளிர்காலம் வந்தால் சூரியன் எட்டிப் பார்க்காது. பல மாதங்கள் இருட்டு. ஆகஸ்டு, செப்டம்பரில்தான் மெல்ல வெயில் வரும். வெயில் வந்ததும் அங்கே ஆகாயத்தில் ஓசோன் அழியத் தொடங்குகிறது.

ஓசோன் நமக்குக் குடை. வெயிலில் உள்ள கொடிய புற ஊதாக் கதிர்களைத் தடுக்கிறது. குடை கிழிந்தால் தோலில் புற்றுநோய் வரலாம். கண்ணில் புரை விழலாம்.

குடை கிழிந்திருப்பதை 1985-ம் ஆண்டு இங்கிலாந்து விஞ்ஞானிகள் வெளியிட்டனர். குளிர்சாதனப் பெட்டிகளிலும் ஸ்பிரே டப்பாக்களிலும் பயன்பட்ட வாயுக்களே காரணம். அவற்றிலிருந்து பிரியும் குளோரின்தான் குற்றவாளி.

வெயிலுக்கு இதில் என்ன வேலை?

குளோரின், ஓசோனிடமிருந்து ஓர் ஆக்சிஜன் அணுவைப் பிடுங்கிக்கொள்ளும். அப்படிப் பிடுங்கிய இரண்டு பேர் ஜோடி சேர்வார்கள். இருட்டில் ஜோடி சும்மா கிடக்கும். வெயில் பட்டால் உடையும். குளோரின் விடுதலையாகி, மறுபடியும் ஓசோனைத் தாக்கும். ஜோடி எவ்வளவு சீக்கிரம் உடைகிறதோ, அவ்வளவு சீக்கிரம் ஓசோன் அழியும்.

இந்த வேகத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிடுகிறார்கள். ஆகாயத்தைக் கட்டம் கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்டத்தில் விழும் ஒளி எவ்வளவு? அந்த ஜோடி அதில் எவ்வளவை உறிஞ்சும்? உறிஞ்சியவற்றில் உடைபவை எத்தனை? மூன்றையும் பெருக்க வேண்டும். ஒளியின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனியே பெருக்கிக் கூட்ட வேண்டும். பெருக்கல் சுலபம். போடும் எண் சரியாக இருக்க வேண்டுமே!

இங்கேதான் 2007-ல் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்கள். நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில் புதிதாக அளந்து பார்த்தார்கள். அந்த ஜோடி, நினைத்ததைவிடப் பல மடங்கு குறைவாகவே ஒளியை உறிஞ்சுகிறது என்றார்கள்! அந்த எண்ணைப் போட்டால் கணக்கு உதைத்தது. துருவத்தில் கண்ணெதிரே நடக்கும் அழிவில் பெரும்பகுதிக்குக் காரணம் கிடைக்கவில்லை.

அந்த வாயுக்களைக் கட்டுப்படுத்த 1987-ல் மான்ட்ரியல் நகரில் ஒப்பந்தம் செய்திருந்தார்கள். அதெல்லாம் வீணா?

இல்லை. அதே 1987-ல் துருவத்தின் மேல் விமானம் பறந்தது. ஆக்சிஜனைப் பிடுங்கிய குளோரின் கூடும் இடத்தில் ஓசோன் குறைவதை நேரில் அளந்தது. ஆகவே, குற்றவாளி மாறவில்லை. குற்றம் நடந்த விதம்தான் புதிராயிற்று.

2009-ல் தைவான் விஞ்ஞானிகள் புதிரை அவிழ்த்தனர். முந்தைய சோதனையில் எவ்வளவு ஒளி குறைந்தது என்று பார்த்தார்கள். ஆனால் ஆய்வு செய்த வாயுவில் சாதாரணக் குளோரினும் கலந்துவிடும். அதுவும் ஒளியை உறிஞ்சும். அதன் பங்கைக் கழிக்கும்போது சிறிது பிசகினாலும் விடை கெட்டுவிடும். தைவான்காரர்கள் ஒளியை அளக்கவில்லை. லேசரைப் பாய்ச்சி, எத்தனை ஜோடிகள் காணாமல் போயின என்று பார்த்தார்கள். கெட்டிக்காரத்தனம்தான்! அவர்கள் கண்ட எண்ணைப் போட்டால் கணக்கு சரியாக வந்தது.

தென் துருவத்தில் ஓசோன் 1980-ம் ஆண்டு நிலைக்குத் திரும்ப 2066 வாக்கில் ஆகும் என்று 2023-ல் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கை கூறியது. ஒப்பந்தத்தை எல்லோரும் மதித்து நடந்தால்தான் அதுவும். இன்று பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளுக்கு அப்போது தலை நரைக்கத் தொடங்கியிருக்கும். 2066 என்ற எண்ணும் இதே கம்ப்யூட்டர் கணக்கில் வந்ததுதான்.